“தனியாவா வந்தீங்க?”

நம் ஊர்ப் பெண்கள் வீட்டை விட்டு வெளியே போகாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். கல்முனைக் கரையோர ஊர்களில் பெண்களோடு வேலை செய்யத் தொடங்கி எனக்குப் பதினொரு வருடங்களாகின்றன. நான் பழகிய பெண்கள் போகாத திசை இல்லை. பிடித்துச் செல்லப்பட்ட மகனைத் தேடி பூசா முகாம் வரை போனவர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய் வந்த தாயை மகரகம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் நாட்கணக்கில் அங்கேயே தங்கியவர்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தையோடு ஒரே இரவில் மூன்று ஊர் தாண்டி ஓடியவர்கள் இருக்கிறார்கள். குவைத்துக்கும் றியாத்துக்கும் விமானம் ஏறியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். இவர்களில் பலர் தனியாகவே போனார்கள். துணைக்கு வர யாரும் இருக்கவில்லை.

ஆனால், “சும்மா இடம் பார்க்கப் போனேன்” என்று சொன்ன பெண் ஒருத்தியைக்கூட நான் சந்தித்ததில்லை. நமது பயணங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் பெரும்பாலும் துக்கமாகவோ கடனாகவோ இருந்தது. காரணமில்லாமல், கண்ணுக்கும் மனதுக்குமாக மட்டும் ஒரு பெண் பயணம் போகலாமா? போனால் என்ன நடக்கும்? இதை நான் செய்தே பார்த்தேன். கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முந்திய நாட்களில் ஐந்து நாள் லீவு எடுத்துக்கொண்டு தனியே புறப்பட்டேன். கண்டி, நுவரெலியா, எல்ல, வெல்லவாய, மொனராகலை வழியாக பொத்துவிலுக்கு வந்து, அங்கிருந்து கடற்கரையோரமாகவே வீடு திரும்பினேன். முதல் நான்கு நாட்களை விட, நமது கரையிலேயே கழிந்த அந்தக் கடைசி நாளைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

புறப்படு முன்னரே பேச்சு

என் உம்மா ஒரு இரவு யோசித்துவிட்டுச் சம்மதித்தார். தெரு சம்மதிக்கவில்லை. “முப்பத்தாறு வயசில கலியாணமும் இல்ல, இதில ஊர் சுத்தவும் வெளிக்கிட்டுட்டா” என்பது என் காதில் விழும்படியே சொல்லப்பட்டது. மஹ்ரம் இல்லாமல் எப்படிப் போவது என்று இன்னொருவர் கேட்டார்.

நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ளவள் அல்ல. ஆனால் இந்த விடயத்தில் அறிஞர்களிடையே முன்பிருந்தே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது. வழி பாதுகாப்பாக இருந்து, நம்பிக்கையான பெண்கள் கூட்டமும் இருந்தால் பெண் ஹஜ்ஜுக்குப் போகலாம் என்றவர்கள் பழைய இமாம்களிலும் இருந்தார்கள். 2022 ஒக்டோபரில் சவூதி அரேபியாவின் ஹஜ் அமைச்சர், ஹஜ், உம்றாவுக்கு வரும் பெண்களுக்கு மஹ்ரம் துணை கட்டாயமில்லை என்று அறிவித்தார். இவற்றையெல்லாம் ஒரு பக்கம் வைத்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஒரு பெண் வீட்டு வேலைக்காகத் தனியே றியாத்துக்குப் போகும்போது மஹ்ரம் எங்கே என்று நாம் அதிகம் கேட்பதில்லை. எல்லவில் மலை பார்க்கப் போகும்போது மட்டும் ஏன் கேட்கிறோம்?

இன்னொரு பயமும் இருந்தது. 2019 ஏப்ரலில் நடந்தவற்றுக்குப் பிறகு, ஹபாயாவோடு தூர ஊர்களுக்கு பஸ் ஏறுவது என்றாலே நம்மில் பலருக்கு நெஞ்சு இடிக்கும். எனக்கும் இடித்தது. சிலர் உற்றுப் பார்த்தார்கள். ஆனால் எல்லவில் இறங்கும் இடம் தெரியாமல் நின்றபோது என் பையைத் தூக்கிக்கொண்டு வந்து விடுதி வரை காட்டிவிட்டவர் ஒரு சிங்களத் தாய். இரண்டையும் சொல்வதுதான் நியாயம்.

உல்லையில் விடியல்

கடைசி நாள் விடிந்தது, நாங்கள் உல்லை என்று சொல்லும் அறுகம்குடாவில். சுபஹுத் தொழுதுவிட்டுக் கடற்கரைக்கு வந்தேன். வள்ளங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. அதற்கு அப்பால், குடாவின் மூலையில், அலைச்சறுக்குப் பலகைகளோடு பத்துப் பதினைந்து பேர் அலைக்காகக் காத்திருந்தார்கள். ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இங்கே நீண்ட, ஒழுங்கான அலைகள் எழுகின்றன. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவது அதற்காகத்தான்.

வருபவர்களில் தனியே வந்த பெண்கள் ஏராளம். “அது வெள்ளைக்காரிகளுக்குச் சரி, நமக்குச் சரிவராது” என்று நாம் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்கும் இது தட்டில் வைத்துக் கொடுக்கப்படவில்லை. வியன்னாவில் 1797 இல் பிறந்த ஈடா பைஃபர் என்ற பெண்ணைப் பாருங்கள். கணவரின் தொழில் நொடித்துப்போன பின், சித்திரமும் இசையும் சொல்லிக்கொடுத்து இரண்டு மகன்மாரை வளர்த்தவர் அவர். மகன்மார் தலையெடுத்த பிறகு, 1842 இல், தமது நாற்பத்தைந்தாவது வயதில் முதற்பயணம் புறப்பட்டார். 1847 இல் உலகைச் சுற்றி வரும் வழியில் நமது தீவுக்கும் வந்து கொழும்பு, கண்டி எல்லாம் பார்த்தார். அவர் எழுதிய பயண நூல்கள் பல மொழிகளில் விற்றன. ஆனாலும் பெண் என்பதால் லண்டன் புவியியல் சங்கம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நாற்பத்தைந்து வயது, வளர்ந்த பிள்ளைகள், கையில் சேர்த்த சிறு பணம்: நமது பல வீடுகளிலும் இப்படிப் பெண்கள் இருக்கிறார்கள் அல்லவா?

உல்லையில் உள்ளூர்ப் பெண்களும் கடலில் இறங்கியிருக்கிறார்கள். பெண்பிள்ளை வீட்டோடு இருக்க வேண்டும் என்ற பேச்சையெல்லாம் தாண்டி, ஷமலி சஞ்சய முதலிய பெண்கள் 2018 இல் அறுகம்குடா பெண்கள் அலைச்சறுக்குக் கழகத்தைத் தொடங்கினார்கள். நாட்டில் பெண்களுக்கென்றே அமைந்த முதலாவது அலைச்சறுக்குக் கழகம் அதுதான்.

இதை விளையாட்டு என்று மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி இந்த நாட்டில் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். பல ஊர்களில் ஆண்களை விடப் பெண்களே அதிகம் இறந்தார்கள். கடலிலிருந்து நூறு யார் தூரத்தில் பிறந்து வளர்ந்தும் நமக்கு நீந்தத் தெரியாது. கடலைப் பார்க்கவே நம்மை விடாததால், கடல் வந்தபோது என்ன செய்வதென்று நமக்குத் தெரியவில்லை.

கடலில் விடப்பட்ட பெண்

உல்லைப் பாலத்தைக் கடந்தால் பொத்துவில். அங்கே கடற்கரை மணல்மேட்டோரம் முகுது மகா விகாரை இருக்கிறது. பழைய கற்றூண்களும், தேய்ந்துபோன கற்சிலைகளும், அதற்கு அப்பால் திறந்த கடலும். காலை வெயில் ஏறு முன்னர் போனதால் மணல் காலைச் சுடவில்லை.

இந்த இடத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை விகாரமகாதேவியுடையது. அவருடைய தந்தை களனி மன்னன் தீஸன். அவன் ஒரு துறவியைக் கொன்ற பாவத்துக்காகக் கடல் பொங்கி ஊரை விழுங்கியதாம். கடலைத் தணிக்க மகளை ஓடத்தில் ஏற்றி விட்டார்கள். ஓடம் ஒதுங்கியது இந்த இடத்தில்தான் என்று பொத்துவிலில் சொல்கிறார்கள். கிரிந்தையில் கேட்டால் அங்கேதான் என்பார்கள். எங்கு ஒதுங்கியிருந்தாலும், தந்தை செய்த குற்றத்துக்கு மகள் தனியே கடலில் விடப்பட்டாள் என்பதில் இரண்டு ஊருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நமது கரையின் கதைகளில் தனியே பயணம் செய்த பெண் அவள். அவளும் தானாகப் புறப்படவில்லை, அனுப்பப்பட்டாள். யுத்தத்திலும் அதுதானே நடந்தது. ஆண்கள் மூட்டிய நெருப்பிலிருந்து தப்ப, பெண்கள் பிள்ளைகளோடு தெருவில் இறங்கினார்கள்.

பொத்துவிலில் நேரம் இருப்பவர்கள் களப்புக்கும் போகலாம். கண்டல் மரங்களுக்கூடாக மீனவர்கள் தோணியில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். எனக்குப் பஸ் வந்துவிட்டது.

திருக்கோவிலில் ஒரு தாய்

பொத்துவிலிலிருந்து வடக்கே வரும் வீதியில் கோமாரியைத் தாண்டினால் சங்கமன்கண்டி. இலங்கைத் தீவின் ஆகக் கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கும் முனை இதுதான். நான் படித்த பாடசாலையில் தெற்கே தெய்வேந்திரமுனை, வடக்கே பருத்தித்துறை முனை என்று சொல்லித் தந்தார்கள். கிழக்கு முனை நமது மாவட்டத்திலேயே இருப்பதை இந்தப் பயணத்துக்கு வழி தேடி வரைபடத்தை விரித்தபோதுதான் கண்டேன். பஸ் யன்னலால் பார்த்தபோது பற்றைக்காடும் பாறையும் மட்டுமே தெரிந்தன. ஆனாலும் மனதில் ஒரு பெருமை வந்தது.

திருக்கோவிலில் இறங்கினேன். சித்திரவேலாயுத சுவாமி கோவில் கடலுக்கு முன்னால் நிற்கிறது. கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் கோவில் வீதியில் தங்கியிருந்தார்கள். யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கரையோரமாக நடந்து, இங்கிருந்து பொத்துவில், உகந்தை, குமண காடு வழியாகக் கதிர்காமம் சேருவார்கள். ஒன்றரை மாதத்துக்கும் மேற்பட்ட நடை. கூட்டத்தில் பெண்கள் பலர். தலையில் துணிமூட்டையோடு நரைத்த பெண்களைக் கண்டேன். சாமி பெயரைச் சொன்னால் பெண் எவ்வளவு தூரமும் நடக்கலாம் என்று நமது சமூகம் ஒத்துக்கொள்கிறது. பெண்ணின் காலில் பலமில்லை, காட்டுக்குப் பயப்படுவாள் என்பதெல்லாம் அப்போது பேச்சில் வருவதில்லை.

கோவில் வாசலில் கற்பூரமும் பூவும் விற்றுக்கொண்டிருந்த ஒரு தாயிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“தனியாவா வந்தீங்க மகள்?”

“ஓம் அம்மா.”

“ஒபிஸ் அலுவலா?”

“இல்ல. சும்மா, பார்க்க.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு தன் கதையைச் சொன்னார். மூத்த மகனை 1990 இல் இழந்தவர். இறந்தானா, இருக்கிறானா என்று இன்றுவரை தெரியாது.

“நானும் கொழும்புக்கு எட்டுத் தரம் போயிருக்கன். விசாரணை, ஊர்வலம், எல்லாத்துக்கும் போனன். இராவைக்கு பஸ் ஏறி விடியப் போய்ச் சேருவம். பின்னேரம் திரும்பிருவம். காலிமுகத்திடல் எண்டு சொல்லுறாங்களே, அது எந்தப் பக்கம் எண்டும் எனக்குத் தெரியா.”

அவர் அதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு, வந்தவருக்குப் பூ மடித்துக் கொடுத்தார். எட்டுத் தரம் போயும், அந்த ஊரின் கடலை ஐந்து நிமிடம் நின்று பார்க்கத் தனக்கும் பாத்தியதை உண்டு என்ற எண்ணமே அவருக்கு வந்திருக்கவில்லை. கூட்டிப்போன நிறுவனங்களுக்கும் வந்திருக்கவில்லை. வேலை முடிந்ததும் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதே நமது நிறுவனங்களின் வழக்கம்.

முடியாத இத்தா

திருக்கோவிலை அடுத்து தம்பிலுவில். அங்கேயும் காரைதீவிலும் இன்னும் பல ஊர்களிலும் கண்ணகி அம்மன் கோவில்கள் இருக்கின்றன. வைகாசி மாதத்தில் சடங்கும் குளிர்த்தியும் நடக்கும். கண்ணகி யார்? கணவனை அநியாயமாகப் பறிகொடுத்த பெண். அரச சபைக்குப் போய்க் கேள்வி கேட்ட பெண். அதன் பிறகு துணையின்றித் தனியே நடந்து போன பெண். அவளை அம்மனாக்கிக் கும்பிடும் ஊர்களில், கணவனைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி பின்னேரம் கடற்கரைக்கு நடந்து போனால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

எங்கள் பக்கமும் வித்தியாசமில்லை. கணவனை இழந்த பெண்ணுக்குக் குர்ஆன் விதித்த இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். ஊர் விதித்த இத்தாவுக்கு முடிவே இல்லை. நல்ல சேலை உடுத்தினால், சிரித்தால், கலியாண வீட்டில் முன்னுக்கு நின்றால், பஸ் ஏறினால், “அவள் புருசன மறந்துட்டாள்” என்பார்கள். தமிழ்ப் பெண், முஸ்லிம் பெண் என்று பிரித்துப் பிரித்து யுத்தம் செய்தார்கள். இந்த விடயத்தில் மட்டும் இரண்டு சமூகங்களுக்கும் ஒரே சட்டம்.

அக்கரைப்பற்றில் கண்ட சங்கடம்

மதியம் அக்கரைப்பற்றில் சோறு சாப்பிட்டேன். ஹோட்டலில் தனியே இருந்து சாப்பிடும் பெண் நான் ஒருத்திதான். சோறும் மீன்கறியும் கொண்டு வைத்த பையன், “பார்சல் இல்லையா?” என்று இரண்டு தரம் கேட்டான்.

அந்த ஐந்து நாளும் எனக்கு உண்மையில் கஷ்டமாக இருந்தது ஆட்களின் பேச்சு அல்ல. மலசலகூடம்தான். ஒரு பஸ் தரிப்பிடத்தில் பெண்களுக்கான மலசலகூடத்தைப் பூட்டித் திறப்பை யாரோ கொண்டு போயிருந்தார்கள். தண்ணீர் குடிக்காமலே பயணம் செய்யும் பழக்கம் நமது பெண்களுக்கு ஏன் வந்தது என்று அப்போது விளங்கியது. தொழுகைக்கு இடம் தேடுவதும் அப்படித்தான். பெண்கள் வழியில் இருப்பார்கள் என்று நினைத்து யாரும் எதையும் கட்டவில்லை. பெண்கள் வெளியே வந்து, கேட்டு, முறையிட்டால்தான் கட்டுவார்கள்.

பஸ்ஸில் நடக்கும் தொல்லைகளையும் மறைக்கத் தேவையில்லை. 2017 இல் ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் 90 வீதமான பெண்கள் பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருக்கிறார்கள். பொலிஸில் முறையிட்டவர்கள் 4 வீதம் மட்டுமே. எனக்கும் வெல்லவாய பஸ்ஸில் ஒருவன் தோளில் சாயத் தொடங்கினான். எழும்பி நின்று உரத்த குரலில் கொண்டக்டரைக் கூப்பிட்டேன். அவர் முன்னால் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் எடுத்துத் தந்தார். 1995 இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின் 345 ஆம் பிரிவின்படி இது குற்றம். ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். இதைத் தெரிந்து வைத்திருந்தால் குரல் தானாக உயர்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து வந்த பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். அவரும் அதே கேள்விதான் கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நான் குவைத்தில ஏழு வருசம் இருந்தன் புள்ள. அங்கயும் கடல் இருக்காமே? நான் கண்டது குசினியும் பல்கனியும்தான்.”

ஏழு வருட உழைப்பில் வீடு கட்டியிருக்கிறார், மகளுக்குக் கலியாணம் செய்து வைத்திருக்கிறார். அவ்வளவு தூரம் பறந்து போன பெண் கண்ட உலகம் ஒரு குசினி. ஊரில் அவரைப் பற்றி “உலகம் சுத்தினவ” என்று சொல்கிறார்களாம். சொல்லிச் சிரித்தார்.

ஒலுவிலும் அதற்கு அப்பாலும்

ஒலுவில் சந்தியில் இறங்கி முச்சக்கரவண்டியில் துறைமுகப் பக்கம் போனேன். வெளிச்சவீடு தூரத்திலேயே தெரியும். நான் சமூகவியல் படித்த தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இங்கேதான் இருக்கிறது. யுத்தத்தின் நடுவே, 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. தூர இடம் அனுப்பப் பயந்த எத்தனையோ வீடுகளிலிருந்து பெண்பிள்ளைகள் பட்டதாரியாக வெளியே வந்தது அதனால்தான். படிப்பு என்ற காரணம் இருந்தபடியால் ஊர் அதையும் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டது.

துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. வாசலை மணல் மூடியதில் படகுகள் வந்துபோக முடியாமல் போனது. வடக்குப் பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. நிந்தவூர்ப் பக்கம்வரை தென்னைகள் சரிந்தன. கரைவலை இழுத்த இடம் காணாமல் போனது. படித்துக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் கூட்டமாக நடந்த கரையில் அன்று கருங்கற்கள் குவிந்திருந்தன. இடம் பார்க்கப் போவதில் இதுவும் ஒன்று. அழகை மட்டுமல்ல, இழந்ததையும் பார்க்கிறோம். பார்த்தவள்தான் நாளை கூட்டத்தில் எழும்பி, “கரை எங்கே?” என்று கேட்பாள்.

பிறகு நிந்தவூர். அதையடுத்து, 1892 இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு. பின் சாய்ந்தமருது. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் இந்த வீதியில், 1990 ஐத் தொடர்ந்த வருடங்களில், அடுத்த ஊர் எல்லையைத் தாண்டவே இரு பக்கத்துப் பெண்களும் நடுங்கினார்கள். அடையாள அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறினார்கள். அந்த வீதியில் அன்று நான் யன்னலோரம் இருந்து கச்சான் கொறித்துக்கொண்டு வந்தேன். 2009 இல் யுத்தம் முடிந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பின்னேரத்தில்தான் அது கொஞ்சம் நம்பிக்கையாக இருந்தது.

அஸருக்குக் கல்முனைக்குடி வந்து சேர்ந்தேன். வீட்டுக்குப் போகாமல் நேரே கடற்கரைப் பள்ளிக்குப் போனேன். நாகூர் ஷாஹுல் ஹமீத் வலியுல்லாஹ் பெயரில் இருநூறு வருடங்களுக்கு மேலாகக் கொடியேறும் இடம் இது. பன்னிரண்டு நாள் கொடியேற்ற காலத்தில் பெண்களும் பிள்ளைகளும் நிறைந்திருப்பார்கள். வளையல் கடை, இனிப்புக் கடை, ராட்டினம், நள்ளிரவு வரை நடமாட்டம். மற்றைய நாட்களில் அதே மணலில் பெண்களைக் காண்பது அரிது. அன்று நான் மஃரிப் வரை இருந்தேன். நான் பிறந்த ஊரின் கடலை அவ்வளவு நேரம் இருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

பதினொரு தடவை

அந்த ஒரு நாளில் “தனியாவா வந்தீங்க?” என்று என்னிடம் பதினொரு பேர் கேட்டார்கள். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். அவர்களில் இரண்டு பேர் சந்தேகமாகக் கேட்டார்கள். மூன்று பேர் பாவப்பட்டார்கள்; எனக்கு யாருமில்லை என்று நினைத்திருப்பார்கள். மிச்ச ஆறு பேரும் பெண்கள். அவர்கள் கேட்டதில் சந்தேகமும் இல்லை, பரிதாபமும் இல்லை. எப்படிப் போனீங்க, எங்க தங்கினீங்க, எவ்வளவு முடிஞ்சுது என்று அடுத்தடுத்துக் கேட்டார்கள். வழி கேட்பவர்கள் கேட்கும் கேள்விகள் அவை.

வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லாத பெண்களிடம் போய்ச் சுற்றுலா பற்றிப் பேசலாமா என்று என் சக ஊழியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நமது ஊர் ஆண்கள் வருடத்துக்கு ஒரு தடவை வேன் பிடித்து ட்ரிப் போகிறார்கள். கடனோடும் போகிறார்கள். அவர்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. களைத்த மனிதனுக்கு ஓய்வு வேண்டும் என்று விட்டுவிடுகிறோம். முப்பது வருடம் யுத்தத்தையும் சுனாமியையும் சுமந்து, பிள்ளைகளையும் வளர்த்தவள் களைக்கவில்லையா? கோழிக்கூடும் தையல் மெசினும் கொடுத்து அவளுடைய உழைப்பைக் கூட்டிவிட்டோம். அவளுக்கென்று ஒரு நாளை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

நீங்களும் போகலாம்

எல்லோரும் ஐந்து நாள் தனியே போக வேண்டியதில்லை. ஒரு நாள் போதும். தனியே போகப் பயமென்றால் இரண்டு மூன்று பேராகப் போங்கள். எனது அந்தக் கடைசி நாளுக்குப் பஸ், முச்சக்கரவண்டி, சாப்பாடு எல்லாமாக இரண்டாயிரம் ரூபாவுக்குள்தான் முடிந்தது. சங்கத்தில் மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் வருடத்தில் ஒரு நாள் கஷ்டமில்லை.

கல்முனையில் இருப்பவர்கள் காலை பஸ்ஸில் பொத்துவில் போய் மாலைக்குள் திரும்பலாம். பொத்துவிலில் இருப்பவர்கள் மருதமுனைக்கு வந்து கைத்தறியில் சாறனும் சேலையும் நெய்வதைப் பார்க்கலாம். முஸ்லிம் சகோதரிகள் திருக்கோவில் கடற்கரைக்கும், தமிழ்ச் சகோதரிகள் கல்முனைக்குடிக் கடற்கரைக்கும் வரலாம். பக்கத்து ஊரைக் கண்ணால் கண்டவளிடம் அந்த ஊரைப் பற்றிப் பொய் சொல்வது கஷ்டம்.

வெளிச்சம் இருக்கும்போதே திரும்பக்கூடிய தூரத்தைத் தெரிவு செய்யுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று போன உடனேயே கேட்டு வையுங்கள். எங்கே போகிறீர்கள் என்று நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். அடையாள அட்டையும் தண்ணீரும் பையில் இருக்கட்டும். கடலில் இறங்கு முன்னர் மீனவர்களிடம் கேளுங்கள். அலை அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுவை இருக்கும். வழியில் யாராவது தொல்லை தந்தால் வெட்கப்படாமல் சத்தம் போடுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

போய் வந்து எங்களுக்கு எழுதுங்கள். எங்கே போனீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும். ஏன் போனீர்கள் என்று எழுத வேண்டியதில்லை.